பிறெடி கொண்டுவருவதாகச் சொன்ன லப்டொப்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது எனக்கு மரியாதை. இது என் குசினி யன்னலால் வந்தது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் மாடிக் குடியிருப்பில் என் குசினி யன்னலும் பக்கத்து வீட்டுக் குசினி யன்னலும் ஒரே இடுக்கைப் பார்த்தபடி இருக்கின்றன. அங்கே செத்தல் மிளகாய் வறுத்தால் இங்கே நான் தும்முவேன். அங்கே கதைத்தால் இங்கே நான் எழுதுவேன். இதை ஒட்டுக்கேட்பது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அவதானிப்பு என்று சொல்கிறேன்.

என் பெயர் மேபல். கப்பல் முகவர் நிலையம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு பத்திரிகையில் என்னுடைய மூன்று கதைகள் வந்திருக்கின்றன. அந்த மூன்று கதைகளிலும் வந்தவர்கள் இப்போது என்னோடு கதைப்பதில்லை.

பக்கத்து வீட்டில் மூன்று பேர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற இராஜநாயகம் அண்ணர், அவருடைய மனைவி, ஒரே மகள் ரொஷேல். மகளுக்கு வயது முப்பத்தொன்று. கதை ரொஷேலைப் பற்றியது. அவள் ஒரு லப்டொப்பை இப்போதே வாங்குவதா, புது மொடல் வரும்வரை பொறுப்பதா என்பதைப் பற்றியது.

இதில் கதை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முதலில் அது பிடிபடவில்லை. அதனால்தான் நாலு தரம் தொடங்க வேண்டி வந்தது.

2

முதல் தொடக்கம்:

மனித குலத்தின் வரலாறு என்பது காத்திருப்பின் வரலாறு. சக்கரம் தொடக்கம் கணினி வரை ஒவ்வொரு கண்டுபிடிப்பும்...

(இந்த வசனம் முடியவில்லை. சக்கரத்துக்கும் கணினிக்கும் நடுவில் எனக்கு நன்றாகத் தெரிந்தது தையல் மெஷின் மட்டும்தான்.)

இரண்டாவது:

மழை பெய்துகொண்டிருந்தது. யன்னலோரம் நின்ற ரொஷேலின் கண்களில்...

(மழை பெய்யவில்லை, பதினொரு நாளாக வெயில். யன்னலோரத்தில் நிற்க இடமில்லை, அங்கே காஸ் சிலிண்டர் இருக்கிறது. கண்களில் இருந்தது கண்ணாடி.)

மூன்றாவது:

இதைவிட நல்லது வரும், இதைவிட நல்லது வரும் என்று வந்த கலியாணங்களை எல்லாம் தட்டிவிட்ட குடும்பம் ஒன்று...

(வெட்டிவிட்டேன். லப்டொப்பையும் கலியாணத்தையும் ஒரே வசனத்தில் கட்டிவைக்க எனக்குக் கை அரிக்கிறதுதான். ஆனால் ரொஷேல் ஞாயிறு பத்திரிகை வாசிப்பவள்.)

நாலாவது தொடக்கத்தில் அழகு எதுவும் இல்லை. ஆனால் அது உண்மை. ஆகையால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

ரொஷேல் குசினி வரைகிறவள். மெல்பேர்ணில் யாரோ கட்டும் வீட்டில் பாத்திர அலுமாரி எங்கே வரவேண்டும், கழுவுதொட்டி எந்தச் சுவரில் இருக்கவேண்டும் என்பதையெல்லாம் கணினியில் வரைவது அவளுடைய வேலை. கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் இருந்து மூன்று வருடம் வரைந்தாள். ஓகஸ்ட் மாதம் அந்த அலுவலகத்தை மூடினார்கள். மெல்பேர்ண்காரருக்கோ அவளுடைய கை பிடித்துப்போய்விட்டது. வீட்டிலிருந்தே நேரடியாகத் தங்களுக்கு வரைந்து தரச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, வரைகிற மென்பொருள் தடங்கலில்லாமல் ஓடும் கணினி அவளிடம் சொந்தமாக இருக்கவேண்டும்.

அவளிடம் இருப்பது பல்கலைக்கழகக் காலத்து லப்டொப். அதில் ஒரு குசினியைத் திறந்து ஒரு சுவரைத் திருப்பினால், சுவர் திரும்பி முடிவதற்குள் நான் செபமாலையில் ஒரு பத்து சொல்லி முடித்துவிடுவேன். (இது உவமை இல்லை. ஒரு நாள் பக்கத்தில் இருந்து சொல்லிப் பார்த்தேன்.)

மெல்பேர்ண்காரர் ஒக்டோபர் முடிவுவரை தவணை கொடுத்தார்கள். பிறகு இரண்டு கிழமை நீட்டினார்கள். கடைசித் தவணை வருகிற திங்கட்கிழமை மத்தியானம். அதற்குள் புதுக் கணினியின் விபரத்தைப் படம் பிடித்து அனுப்பாவிட்டால் அந்த வேலை மணிலாவில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும். அப்பாவின் ஓய்வூதியத்தைத் தவிர அந்த வீட்டுக்குள் வந்தது ரொஷேலின் சம்பளம் மட்டும். வாங்குவதற்குத் தேவையான சேமிப்பு அவளிடம் இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் வாங்கவில்லை? இந்தக் கேள்வியோடு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றால் கதை ஒருவாறு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

3

எங்கள் கட்டடத்தில் பொறுக்கச் சொல்கிறவர்களும் உடனே வாங்கச் சொல்கிறவர்களும் சாட்சிக்கு அழைப்பது ஒரே வருடத்தை, ரூபாய் சரிந்து விலையெல்லாம் தாறுமாறாக ஏறிய 2022ஐ. அந்த வருடம் ஜனவரியில், கொஞ்சம் பொறுப்போம் என்று குளிர்சாதனப் பெட்டி வாங்காமல் விட்டவர் இராஜநாயகம் அண்ணர். மே மாதம் அதே பெட்டிக்குச் சொன்ன விலையில் ஜனவரியில் இரண்டு வாங்கியிருக்கலாம். இனியும் ஏறும் என்று பயந்து மே மாதம் ஓடிப்போய் வாங்கியவள் நான். அதற்குப் பிறகு விலை இறங்கியது. அந்தப் பெட்டியைத் திறக்கும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சூடாகும். பொறுத்தவரும் பிழை, வாங்கினவளும் பிழை. ஆனால் இரண்டு பேரும் ஆலோசனை சொல்வதை நிறுத்தவில்லை.

செப்டெம்பரில் ரொஷேல் லப்டொப் பார்க்க வெள்ளவத்தைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். (யாரும் அழைக்கவில்லை. எனக்கும் அந்தப் பக்கம் அலுவல் இருந்தது என்று சொன்னேன்.) காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே ஹாஷிம் என்பவருடைய கடை. ஹாஷிம் நானா ஒரு லப்டொப்பை மேசையில் வைத்துத் திறந்தார். ரொஷேல் தன்னுடைய குசினி ஒன்றை அதில் போட்டுச் சுவரைத் திருப்பினாள். சுவர் உடனே திரும்பியது. எனக்குச் செபமாலையில் ஒரு மணிகூடச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

"இதையே எடுப்பம்," என்றாள்.

ஹாஷிம் நானா தலையைச் சொறிந்தார். "எடுங்க தங்கச்சி. நல்ல சாமான். ஆனா மறைச்சி விக்க எனக்கு ஏலா. ரெண்டு மாசத்துல புதுசு ஒண்டு வருது."

"அது இதைவிட நல்லதோ?"

"நல்லதுதான். அது வந்தா இதுட வெலயும் எறங்கும்."

"அப்ப அது வரட்டும் எண்டு பொறுக்கட்டோ?"

"பொறுக்கலாம். ஆனா அதுக்குப் பொறகு மார்ச்ல இன்னொண்டு வருது."

நான் இடையில் புகுந்தேன். "அப்ப இதை ஏன் நானா கடையில வச்சிருக்கிறீங்கள்?"

"பாக்க வார ஆக்களுக்கு," என்றார்.*

* ஹாஷிம் நானாவை வாசகர் நம்பமாட்டார்கள் என்று நினைத்து, ஒரு பிரதியில் அவரைத் தந்திரக்காரராக்கி, மீசையும் வைத்து, பழைய சாமானைத் தலையில் கட்டுகிறவராக எழுதிப் பார்த்தேன். கதை வேகமாக ஓடியது. ஆனால் அடுத்தமுறை அந்தக் கடைப் படியில் ஏற எனக்கு முகம் வேண்டும். மீசையை எடுத்துவிட்டேன்.

அன்று வாங்காமல் திரும்பினோம். "டடியிட்டயும் ஒருக்காக் கேட்டிட்டுச் சனிக்கிழமை வந்து எடுப்பம் அன்ரி," என்று பஸ்ஸில் சொன்னாள். இராஜநாயகம் அண்ணர், "டொலர் இறங்குது, ஆறுதலா வாங்கு பிள்ளை," என்றார். அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை அவள் கட்டாயம் வாங்கியிருப்பாள். அதற்கு முதல் வியாழக்கிழமை...

4

வியாழக்கிழமை, கீழ்வீட்டுச் சிவக்கொழுந்து அக்கா கட்டாரில் இருக்கும் தன்னுடைய தம்பி பிறெடியோடு வட்ஸ்அப்பில் கதைத்தாள். சிவக்கொழுந்து அக்காவுக்கு வாயை மூடத் தெரியாது. ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லி முடிந்து வேறு எதுவும் மிச்சமில்லாதபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளை லப்டொப் வாங்கப்போவதையும் சொன்னாள்.

"அங்க வாங்க விடாதை அக்கா," என்றான் பிறெடி. "இங்க மலிவு. ஒக்டோபர்ல லீவில வாறன், கையோட கொண்டுவாறன்."

சிவக்கொழுந்து அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபோனை வைத்த கையோடு மேலே ஏறிப்போய் இராஜநாயகம் அண்ணர் வீட்டில் சொன்னாள். மாதாவே நேரில் இறங்கி வந்து லப்டொப் தருவதாகச் சொன்ன மாதிரி அந்த வீடு சந்தோசப்பட்டது. ரொஷேல் மட்டும், "இல்லை அன்ரி, நான் சனிக்கிழமை..." என்று தொடங்கினாள். "சும்மா இரு பிள்ளை, அந்தத் தம்பி ஆசையாச் சொல்லுது," என்று அவளுடைய அம்மா மறித்துவிட்டா.

பிறகு அம்மா மாசிக் கருவாடும் செத்தல் மிளகாயும் போட்டுச் சம்பல் இடித்தா. இந்த இடத்தில் வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் ஒரு பொருளைக் கொண்டுவருவதாகச் சொன்னால் அது வெறும் பேச்சு. ஆனால் அதற்குப் பதிலாக, அங்கே போகிற யாரிடமாவது அவருக்கென்று ஒரு போத்தல் சம்பல் கொடுத்துவிட்டால் அது ஒப்பந்தம். சம்பல் விமானம் ஏறிய பிறகு அதே பொருளை இங்கே கடையில் வாங்குவது, கொண்டுவருகிறவருடைய முகத்தில் அறைவதற்குச் சமம். கொண்டுவருகிறவர் தானாக வந்து, என்னால் முடியாது, நீங்கள் வாங்குங்கள் என்று சொல்லவேண்டும். அவர் சொல்லாதவரை மற்றவர் காத்திருக்கவேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் இதை மீறிய ஒருவரை நீங்கள் காட்டமுடியாது. ஜிந்துப்பிட்டியிலிருந்து டோஹாவுக்குப் போன ஒரு பொடியனிடம் சம்பல் போனது. இரண்டு போத்தல்.

ஒக்டோபர் வந்தது. பிறெடி வரவில்லை. "ஒரு மாசம் பொறுக்கச் சொல்லு அக்கா, புது மொடல் வருதாம், அதையே எடுத்துக்கொண்டு வாறன்," என்றான். சிவக்கொழுந்து அக்கா அதையும் ஏறிப்போய்ச் சொன்னாள். நவம்பர் வந்தது. நேற்று, சனிக்கிழமை காலையில், பிறெடி மறுபடியும் ஃபோன் எடுத்தான்.

"அக்கா, லீவு இல்லையாம். இனி ஈஸ்டருக்குத்தான். நீ ஒருக்கா அவைக்குச் சொல்லிவிடு."

"நீயே எடுத்துச் சொல்லன்."

"எப்பிடியக்கா நான் சொல்லுறது? சம்பல் ரெண்டு போத்தலும் சாப்பிட்டு முடிச்சிட்டனே."

சிவக்கொழுந்து அக்கா, "சரி, நான் சொல்லுறன்," என்றாள். சொல்லவில்லை. எதையும் ஐந்து நிமிடத்துக்குமேல் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாதவள், இதை மட்டும் சொல்லாமல் வீட்டுக்குள் இருந்தாள். அவள் ஏன் அப்படி...

5

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் போட்டேன். குடிக்கவில்லை. ஆடை பிடித்துக்கிடக்கிறது.

எங்கள் கட்டடத்தில் சிவக்கொழுந்து என்று ஒருவரும் இல்லை. கீழ்வீட்டில் இருப்பது ஒரு பல் வைத்தியரும் அவருடைய மீன்தொட்டியும். பிறெடி என்னுடைய தம்பி. ஃபோனில் கதைத்தவள் நான். பெருமை தாங்காமல் ஓடிப்போய்ச் சொன்னவளும் நான்தான். போன பகுதியில் சிவக்கொழுந்து அக்கா என்று வருகிற இடங்களிலெல்லாம் என் பெயரை வைத்து மறுபடியும் வாசியுங்கள். (நான் வாசித்துப் பார்த்தேன். வாயை மூடத் தெரியாதவள் என்ற வசனத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கௌரவம் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. என் தம்பி கொண்டுவருகிறான், என் தம்பி கொண்டுவருகிறான் என்று இரண்டு மாதமாக மாடிப்படியில் சொல்லித் திரிந்த வாயால் இதைச் சொல்ல முடியவில்லை. இன்னொரு பதிலும் இருக்கிறது. அதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. சனிக்கிழமை ஃபோனை வைத்ததும் எனக்குள் முதலில் வந்தது, பாவம் ரொஷேல் என்பது இல்லை. அட, இதில் ஒரு கதை இருக்கிறதே என்பதுதான் வந்தது. கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கதவைத் தட்டினால் இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் மனித குலத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது இராஜநாயகம் அண்ணர் பக்கத்தில் வந்தார்.

"மேபல், தம்பி எப்பிடி? வாற பாடு என்ன மாதிரி?"

"வந்துகொண்டிருக்கிறான் அண்ணை," என்றேன்.

நற்கருணை வாங்கி அரை மணித்தியாலம் ஆகவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

6

இதை எப்படி முடிப்பது என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். என்னிடம் இருக்கும் முடிவுகள்:

ஒன்று. திங்கட்கிழமை காலை பிறெடி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிறான். கையில் பெட்டி. அதற்குள் உலகத்திலேயே புதிய மொடல். எல்லோரும் அழுகிறார்கள். (பிறெடி வாழ்க்கையில் ஒரு தரமாவது சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் இதை எழுதியிருப்பேன். அவனுடைய ஞானஸ்நானத்துக்கே பிந்தியவன்.)

இரண்டு. தவணை முடிகிறது. வேலை மணிலாவுக்குப் போகிறது. அடுத்த நாள் புது மொடல் கடைக்கு வருகிறது. (இதுதான் இலக்கியம். பத்திரிகையில் போடுவார்கள். ஆனால் இந்த முடிவை எழுதிப்போட்டு, பக்கத்து வீட்டில் அது அப்படியே நடப்பதை யன்னலால் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியுமா?)

மூன்று. பல வருடங்களுக்குப் பிறகு, நரைத்த தலையோடு...

மூன்றாவதை எழுதும்போது மணி நாலு. ஹாஷிம் நானாவின் கடை ஞாயிற்றுக்கிழமையும் ஏழு மணிவரை திறந்திருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. பேனையை மூடினேன். அடுத்த பகுதியை நான் திரும்பி வந்துதான் எழுதினேன்.

7

கதவைத் திறந்தது ரொஷேல். இருக்கச் சொல்ல முதலே சொல்லிவிட்டேன், நின்றுகொண்டே.

"பிறெடி வரேல்லை பிள்ளை. லீவு இல்லையாம். ஈஸ்டருக்குத்தானாம். நீ கடையில வாங்கு."

"தெரியும் அன்ரி," என்றாள்.

"என்ன தெரியும்?"

"சனிக்கிழமை நீங்கள் ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுத்தானே கதைச்சனீங்கள். எங்கட குசினிக்குள்ள அப்பிடியே கேட்டது. சம்பல் ரெண்டு போத்தலும் முடிஞ்சுது எண்டதில அம்மாக்கு நல்ல சந்தோசம்."

இருபது வருடமாக அந்த இடுக்கால் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, அது என்னையும் அங்கே கொண்டுபோகும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சா ஏன் நேற்றே போய் வாங்கேல்லை?"

"நீங்கள் வந்து சொல்லேல்லையே. நீங்கள் சொல்லாமல் நான் போய் வாங்கினா என்ன மாதிரி இருக்கும்? ஒட்டுக்கேட்டு வாங்கின மாதிரி இருக்கும். பிறகு நீங்கள் எங்கட முகத்தில எப்பிடி முழிக்கிறது? டடி சொன்னவர், மேபல் சொல்லுவா, பாப்பம் எண்டு. அதுக்குத்தான் காலமை கோயிலடியிலயும் உங்களைக் கேட்டவர்."

உள்ளே இராஜநாயகம் அண்ணர் செருமும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை. என்னுடைய முகத்தைப் பார்க்கக்கூடாது என்றுதான் வரவில்லை என்பது எனக்கு விளங்கியது.

"வந்துகொண்டிருக்கிறான் எண்டு சொன்னீங்களாம்," என்றாள் ரொஷேல். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. புது மொடல், புது மொடல் எண்டு உன்னைப் பொறுக்க வச்சிட்டம்."

"நான் புது மொடலுக்குப் பொறுக்கேல்லை அன்ரி. உங்களுக்குத்தான் பொறுத்தனான்."

நான் எழும்பினேன். "சரி, வெளிக்கிடு. கடை ஏழு மணிவரைக்கும் இருக்கு. நானும் வாறன்."

"வேண்டாம் அன்ரி."

"ஏன், போற வழியில எனக்கும் ஒரு..."

"உங்களுக்கு அங்க அலுவல் ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும்." இப்போது கொஞ்சம் சிரித்தாள். "இப்ப வாங்கிறதோ பொறுக்கிறதோ எண்டு ஒருக்காத் தனிய யோசிக்கவேணும். ரெண்டு மாசமா எல்லாரும் எனக்காக யோசிச்சாச்சு. நான் மட்டும்தான் மிச்சம்."

வாசலில் வைத்துக் கேட்டாள், "இதை எழுதுறீங்களோ?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். ஒரே நாளில் இரண்டு கூடாது. "ஓம்," என்றேன்.

"எழுதுங்கோ. என்ர பேரைப் போடாதேங்கோ. ரொஷேல் எண்டு போடுங்கோ, எனக்கு அந்தப் பேர் சின்னனில இருந்து ஆசை. குசினியை நல்லா வரைவன் எண்டும் போடுங்கோ. ஆனா இனி நான் என்ன செய்யிறன் எண்டதை மட்டும் எழுதாதேங்கோ. அது புதினமாப் போகக்கூடாது."

(ஆகவே முதல் பகுதியிலிருந்து எல்லா இடத்திலும் பெயரை மாற்றினேன். குசினியை நன்றாக வரைவாள். மெல்பேர்ண்காரரே சொல்லியிருக்கிறார்கள்.)

8

ஐந்து மணிக்கு அவள் தனியாக இறங்கிப்போய் ஓட்டோவில் ஏறியதை மேலே நின்று பார்த்தேன். ஏழரைக்குத் திரும்பி வந்ததையும் பார்த்தேன். அவளுடைய கையில் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்பதைப் பார்த்தேன். அடுத்த நாள் மத்தியானம் மெல்பேர்ணிலிருந்து என்ன பதில் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். குசினி யன்னலை நான் இப்போது சாத்தித்தான் வைக்கிறேன். அவளே வந்து சொன்னாள்.

கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பத்திரிகை ஆசிரியர் கேட்டார், "வாங்கினவவோ இல்லையோ? அதைச் சொல்லாமல் எப்பிடி அம்மா கதை முடியும்?" மாடிப்படியில் மூன்று பேர் கேட்டார்கள். பிறெடி டோஹாவிலிருந்து இரண்டு தரம் எடுத்துக் கேட்டான். எல்லோருக்கும், அவளிடம் கேளுங்கள் என்று சொன்னேன். அவர்களுக்கு நம்ப முடியவில்லை. ஒருவர் எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள். இவ்வளவு தூரம் வாசித்த உங்களுக்கு ஒரு முடிவு கிடைப்பது நியாயம்தான். சொல்ல வாய் வருகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டும் நடக்கக்கூடியதுதான். வாங்கியிருந்தால் அந்த இயந்திரத்தில் அவள் இப்போது யாரோ ஒருவருடைய சுவரைத் திருப்பிக்கொண்டிருப்பாள். பொறுத்திருந்தால் அதற்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்திருக்கும், அது எங்களில் ஒருவரும் சொல்லிக் கொடுக்காத காரணமாக இருந்திருக்கும். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை இதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். ஆலோசனை சொல்லும் வரிசையில் ஏற்கெனவே கொட்டாஞ்சேனை முழுக்க நிற்கிறது. நான் இப்போதுதான் அதிலிருந்து விலகினேன். என்னுடைய இடத்தையும் யாரோ பிடித்துவிட்டார்கள்.